ரேகை விழாத விரலும் ஏறாத பணமும்

வங்கிக் கணக்கே இல்லாத குடும்பத்தை இன்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். 2014 ஆகஸ்ட் 28-இல் ஜன்தன் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் அந்தக் கணக்குகள் நாடு முழுக்க 50 கோடியைத் தாண்டின, அதில் பாதிக்கு மேல் பெண்கள் பெயரில். கணக்குத் திறந்தாயிற்று. அந்தக் கணக்கில் ஏறும் பணம் குறையாமல், ஒரு நாள் கூலியையும் தின்னாமல், உரியவர் கையில் போய்ச் சேருகிறதா என்பதுதான் இனிக் கேட்க வேண்டியது. கைபேசியில் தட்டிப் பணம் அனுப்புகிறவருக்கு ஒரு பரிவர்த்தனை சிக்கினால் எரிச்சல், அவ்வளவுதான். 1,200 ரூபாய் முதியோர் பணத்தை நம்பி இருக்கும் பாட்டிக்குச் சிக்கினால் அந்த வாரத்து மருந்து இல்லை. தொழில்நுட்பம் ஏற்றத்தாழ்வைக் குறைக்கிறதா என்பதற்கு என் அளவுகோல் இதுதான்: அது பழுதாகும்போது நஷ்டம் யார் தலையில் விழுகிறது?

இந்தப் பதிவு ஒரே ஒரு பாதையைப் பற்றியது. அரசு அனுப்பும் பணம் ஆதார் வழியாகக் கணக்குக்கு வருகிறது. அதைக் கிராமத்து வங்கி முகவரிடம் விரல் வைத்து எடுக்கிறார்கள். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய், முதியோர் பணம், நூறு நாள் வேலைக் கூலி என்று நிறைய வீடுகளின் அடுப்பு இந்தப் பாதையை நம்பி எரிகிறது. மணியார்டர் காலத்தில் தபால்காரருக்குப் பத்து இருபது கொடுக்காமல் பணம் கைக்கு வராத ஊர்கள் உண்டு. அதோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பாதை எங்கெங்கே உடையும் என்று தெரிந்தவர் ஊருக்கு ஒருவராவது இருக்க வேண்டும்.

ஆதார் இணைப்பு ஒன்றல்ல, இரண்டு

‘ஆதார் லிங்க் பண்ணியாச்சே, ஏன் பணம் ஏறலை?’ என்ற கேள்விக்குப் பாதி நேரம் பதில் இங்கேதான் இருக்கும். முதல் இணைப்பு, உங்கள் வங்கிக் கணக்கில் ஆதார் எண்ணைப் பதிந்துகொள்வது. முகவரிடம் விரல் வைத்துப் பணம் எடுக்க இது போதும். இரண்டாவது, தேசியப் பணப்பட்டுவாடா கழகம் (என்பிசிஐ) வைத்திருக்கும் பொதுப் பட்டியலில் ‘இந்த ஆதாருக்கு வரும் அரசுப் பணம் இன்ன வங்கிக்குப் போக வேண்டும்’ என்று பதிவது. அரசிடமிருந்து பணம் வர இந்த இரண்டாவது இணைப்பு இருந்தாக வேண்டும். நூறு நாள் வேலைக் கூலிக்கு 2024 ஜனவரி 1 முதல் இது கட்டாயமானது. அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவர் மண் வெட்டியும் கூலி ஏறாது.

அந்தப் பட்டியலில் ஒரு ஆதாருக்கு ஒரே ஒரு வங்கிதான். கடைசியாகச் சேர்த்த வங்கி எதுவோ அதுவே நிற்கும். பழையது தானாக விலகிவிடும். சிம் வாங்கப் போன இடத்தில், ‘இலவசக் கணக்கு’ என்று மேளாவில் கையெழுத்து வாங்கிய இடத்தில், மகளிர் குழுக் கடனுக்காகப் புதிதாகத் திறந்த கணக்கில் என்று எங்கோ ஓர் ஒப்புதல் கட்டத்தில் குறி விழுந்திருந்தால், மறு மாதப் பணம் அந்தப் புதுக் கணக்குக்குப் போய்விடும். 2017-இல் சிம் சரிபார்ப்புக்கு விரல் வைத்தவர்களுக்கே தெரியாமல் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்குகள் திறக்கப்பட்டு, எரிவாயு மானியம் அங்கே போய் உட்கார்ந்தது நினைவிருக்கலாம். எனவே பணம் வரவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது, அது வேறெங்காவது ஏறியிருக்கிறதா என்பதைத்தான்.

பார்ப்பது எளிது. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் ஆதார் எண்ணும் கைபேசிக்கு வரும் ஓடிபியும் கொடுத்து உள்ளே போனால் ‘வங்கி இணைப்பு நிலை’ என்று ஒரு பகுதி இருக்கும். வங்கியின் பெயர், இணைப்பு செயலில் இருக்கிறதா இல்லையா, எந்தத் தேதியில் பதிவானது ஆகிய மூன்றும் தெரியும். ஆதாரில் கைபேசி எண் இல்லாதவர் வங்கிக் கிளையில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மாற்ற வேண்டுமானால் பணம் வர வேண்டிய வங்கியில் ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும். அதில் ‘புதிதாகச் சேர்க்க’, ‘வேறு வங்கியிலிருந்து மாற்ற’ என்று இரண்டு கட்டங்கள் உண்டு. ஏற்கெனவே வேறு வங்கியில் இருப்பவர் முதல் கட்டத்தில் குறி போட்டுவிட்டு வந்தால் வேலை முடியாமல் போகலாம். இரண்டாவதில் குறி போட்டு, பழைய வங்கியின் பெயரையும் எழுத வேண்டும். கொடுத்த படிவத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கிளையை விட்டு இறங்காதீர்கள்.

இனிஷியல் என்ற தலைவலி

நமக்கே உரிய சிக்கல் இது. குடும்பப் பெயர் இல்லாத ஊருக்குக் குடும்பப் பெயர் கேட்கும் படிவங்கள் வந்து சேர்ந்ததன் விளைவு. ஒரே பெண் ஆதாரில் ‘முத்துலட்சுமி க’, பாஸ்புக்கில் ‘கா. முத்துலெட்சுமி’, நூறு நாள் வேலை அட்டையில் ‘முத்துலட்சுமி கண்ணன்’. மூன்றும் ஒரே ஆள் என்று கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஆங்கில எழுத்துக் கூட்டல் இன்னும் மோசம். ‘லட்சுமி’யை மூன்று அலுவலகங்களில் மூன்று விதமாகத் தட்டியிருப்பார்கள். பிறந்த தேதி தெரியாத முதியவர்களுக்கு ஓரிடத்தில் ஜனவரி 1 என்றும் இன்னோர் இடத்தில் ரேஷன் அட்டையைப் பார்த்து வேறொன்றும் பதிந்திருப்பார்கள்.

இங்கே பலர் செய்யும் தவறு, ஓடிப்போய் ஆதாரைத் திருத்துவது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறைதான். அந்த வாய்ப்பை அவசரப்பட்டுச் செலவழிக்கக் கூடாது. ஆதாரில் இருப்பது பொறுத்துக்கொள்ளக் கூடிய பெயர் என்றால் அதை அப்படியே வைத்துக்கொண்டு, வேலை அட்டையையும் பாஸ்புக்கையும் அதற்கு ஏற்பத் திருத்துவதுதான் புத்திசாலித்தனம். வேலை அட்டைக்கு ஊராட்சிச் செயலர் வழியாக ஒன்றிய அலுவலகம். வங்கிக்கு ஆதார் நகலோடு ஒரு விண்ணப்பம். ஆதாரைத் திருத்தியே ஆக வேண்டும் என்றால், திரையில் தட்டியதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வோர் எழுத்தாக வாசித்துப் பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். அவசரத்தில் விழுந்த ஒரு புள்ளியைத் திருத்த இன்னொரு வாய்ப்பைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

விரல் வைக்கும் இடத்தில்

வங்கிக் கிளைகள் முகவர்களை வைத்துக்கொள்ளலாம் என்று ரிசர்வ் வங்கி 2006-இல் அனுமதித்தது. ஊரில் ‘மினி பேங்க்’ என்று பலகை மாட்டியிருக்கும் கடை, குழுப் பெண் ஒருவர் கையில் எடுத்துவரும் மிஷின், தபால்காரர் பையிலிருக்கும் கருவி எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். முகவர் செயலியில் வங்கியின் பெயரைத் தேர்ந்தெடுத்து, ஆதார் எண்ணைத் தட்டி, தொகையைப் போட்டு விரல் வைக்கச் சொல்வார். அந்தச் சில நொடிகளில் செய்தி முகவரின் வங்கிக்கும், அங்கிருந்து பணப்பட்டுவாடா கழகத்துக்கும், ரேகையைச் சரிபார்க்க ஆதார் ஆணையத்துக்கும், கடைசியாக உங்கள் வங்கிக்கும் போகிறது. உங்கள் வங்கி பணத்தைக் கழித்துக்கொண்டு ‘சரி’ என்று சொல்ல, அந்தப் பதில் வந்த வழியே திரும்ப வேண்டும். ஒரு முறைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். அட்டை வேண்டாம், பின் எண் வேண்டாம், எழுதப் படிக்கவும் தெரிய வேண்டியதில்லை. இந்த முறையின் பெருமை அதுதான்.

ரேகை விழாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் உழைப்பு. சிமென்ட் கலவை கிளறும் கை, உப்பளத்தில் வாரும் கை, கயிறு திரிக்கும் கை, பாத்திரம் தேய்க்கும் கை இவற்றில் ரேகையின் மேடு தேய்ந்திருக்கும். வயதானால் தோல் உலர்ந்து சுருங்கும். அதிகம் உழைத்தவர் ரேகைதான் அதிகம் மறுக்கப்படுகிறது. இதைவிடக் கூர்மையாக ஏற்றத்தாழ்வை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நடைமுறையில் உதவுபவை சில உண்டு. வேலை முடிந்த கையோடு போகாமல், சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுக் காலையில் போவது நல்லது. தோல் வறண்டிருந்தால் தேங்காய் எண்ணெய் துளியளவு தேய்த்து, வழுவழுப்பு போகத் துடைத்துவிட வேண்டும். வியர்வை ஈரம் இருந்தால் புடவைத் தலைப்பில் ஒற்றிக்கொள்ளலாம். மிஷினின் கண்ணாடியில் முந்தையவர் விரலின் எண்ணெய்ப் படலம் இருக்கும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். அடிப்பக்கத்திலிருந்து ஒளி விட்டுப் படிக்கும் கருவி அது. வாசலில் வெயில் நேராக விழும் இடத்தில் வைத்தால் தடுமாறும், நிழலுக்கு நகர்த்தினாலே பாதிப் பேருக்கு விழுந்துவிடும். நுனி விரலை மட்டும் ஒற்றக் கூடாது. ரேகை சுழிந்திருக்கும் நடுப்பகுதி கண்ணாடியின் மையத்தில் படும்படி தட்டையாக வைத்து, விளக்கு அணையும் வரை அசையாமல் இருக்க வேண்டும். ரொம்ப அழுத்தினால் மேடுகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். வலது ஆட்காட்டி விரலையே திரும்பத் திரும்ப வைப்பதைவிட இடது கை விரல்களை முயலலாம். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இடது மோதிர விரல் அதிகம் தேயாமல் இருக்கும். எந்த விரல் விழுந்தது என்று பாஸ்புக் அட்டையின் உள்பக்கம் எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த மாதம் அலைச்சல் இல்லை.

எதுவும் விழவில்லை என்றால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்க வேண்டும். அதுவரை கருவிழியைப் படிக்கும் கருவி வைத்திருக்கும் முகவரைத் தேடலாம். முகத்தைக் காட்டியே பணம் எடுக்கும் வசதியைத் தபால் துறையின் வங்கி 2025-இல் கொண்டுவந்தது. மணியார்டர் கொண்டுவந்த அதே தபால்காரர், விரல் தேய்ந்தவர்களுக்கு இன்று நல்ல துணை.

திரையில் வரும் எண்ணையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 300 என்று வந்தால் ரேகை பொருந்தவில்லை. 330 என்றால் ஆதாரில் ரேகைப் பூட்டு போடப்பட்டிருக்கிறது, எத்தனை விரல் மாற்றினாலும் பயனில்லை. 51 என்றால் கணக்கில் அவ்வளவு பணம் இல்லை. 91 என்றால் உங்கள் வங்கியின் கணினி பதில் சொல்லவில்லை, சாயங்காலம் வந்து பார்ப்பதே மேல். ‘வரலைம்மா’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த நாலும் ஒளிந்திருக்கும். முகவரிடம் ‘என்ன நம்பர் வருது தம்பி?’ என்று கேட்கும் பழக்கம் வந்தாலே பல வீண் நடை மிச்சம்.

இரண்டாவது முறை விரல் வைக்கும் முன்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ‘ரேகை விழலை, இன்னொரு தடவை வைங்க’ என்று சொன்னால் உடனே வைக்காதீர்கள். முதல் முறையே பணம் கழிந்திருக்கலாம். இணைய இணைப்பு விட்டுப்போனதால் பதில் திரும்பாமல் இருக்கலாம். நேர்மையற்ற முகவர் என்றால் தெரிந்தே சொல்லலாம். இரண்டு வகையிலும் உங்களுக்கு நடப்பது ஒன்றுதான்: 1,000 ரூபாய் வாங்கி 2,000 கழியும். தோல்வி என்றாலும் அந்தத் தோல்விச் சீட்டை அச்சிட்டுக் கேளுங்கள். பிறகு இருப்பு எவ்வளவு என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் விரல் வைக்க வேண்டும். அப்போது திரையில் ‘இருப்பு அறிதல்’ என்று இருக்கிறதா, தொகைக் கட்டம் காலியாக இருக்கிறதா என்று கூட வந்த பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். கடைசிச் சில பரிவர்த்தனைகளைக் காட்டும் சிறு அறிக்கையும் அதே மிஷினில் எடுக்கலாம்.

பணம் கழிந்து கைக்கு வரவில்லை என்றால் சண்டை போட வேண்டியது முகவரோடு அல்ல. புகார் உங்கள் சொந்த வங்கியில். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்த காலக்கெடுப்படி, பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, கேட்காமலேயே வரவு வைக்க வேண்டும். ஏடிஎம்மில் பணம் வராமல் கழிந்தாலும் இதே கணக்கு. புகாரில் தேதி, நேரம், தொகை, முகவரின் கடை, சீட்டில் இருக்கும் 12 இலக்கக் குறிப்பு எண் ஆகியவற்றை எழுதினால் போதும். அந்த 12 இலக்கம்தான் பணப்பட்டுவாடாக் கழகம் வரை போய்ப் பணத்தைத் தேடிப் பிடிக்கும் நூல். மிஷின் சீட்டின் மை சில மாதங்களில் வெளுத்துவிடும், அன்றைக்கே பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள்.

முகவர் ஏன் இழுத்தடிக்கிறார்

முகவர்களைத் திட்டுவது சுலபம். அவர்கள் கணக்கையும் பார்க்க வேண்டும். வேறு வங்கிக் கணக்கிலிருந்து ஒருவர் பணம் எடுத்தால், அந்த வங்கி எடுத்த தொகையில் அரை சதவீதத்தை, அதிகபட்சம் 15 ரூபாயை, முகவரின் வங்கிக்குத் தருகிறது. 1,000 ரூபாய்க்கு 5 ரூபாய். அதில் வங்கி, நடுவில் இருக்கும் நிறுவனம் என்று பங்கு போக முகவருக்கு மிஞ்சுவது சில ரூபாய். 3,000-இல் உச்சவரம்பு வந்துவிடுகிறது. அதனால் 9,000 ரூபாயை ஒரே முறை கொடுத்தால் 15, மூன்றாகப் பிரித்துக் கொடுத்தால் 45. ‘மூணு தடவை விரல் வைக்கணும்’ என்பதன் ரகசியம் இதுதான். வாடிக்கையாளருக்கு இதில் நஷ்டம் உண்டு. குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் மாதம் நான்கு முறை இலவசமாக எடுக்கலாம் என்பதுதான் உறுதியான உரிமை; பிரித்துப் பிரித்து எடுத்தால் அது ஒரே நாளில் தீர்ந்துவிடலாம்.

இன்னொன்று ரொக்கம். 15-ஆம் தேதி உரிமைத் தொகை ஏறியதும் 200 பெண்கள் வந்தால் முகவரிடம் 2 லட்சம் ரூபாய் ரொக்கம் வேண்டும். அது அவர் சொந்த முதல். காலையில் கொண்டுவந்தது பதினோரு மணிக்குத் தீர்ந்தால், கடையைப் பூட்டிவிட்டு வங்கிக் கிளைக்குப் பைக்கில் போய் எடுத்து வர வேண்டும். வழிப்பறி பயமும் அவரோடு போகும். ‘சர்வர் இல்லை’ என்று அவர் சொல்வதன் பொருள் சில நேரம் ‘பணம் தீர்ந்துவிட்டது’ என்பதுதான். இதற்காகத் தலைக்குப் பத்து இருபது ரூபாய் பிடித்துக்கொள்வது முறையில்லை. வாடிக்கையாளரிடம் அப்படி வாங்க அவருக்கு உரிமையும் இல்லை. ஆனால் சிறு தொகைக்கு முகவரின் பங்கை உயர்த்தாமல் இந்தப் பிடித்தம் நிற்கும் என்று நான் நம்பவில்லை. அவசரம் இல்லாதவர்கள் இரண்டு மூன்று நாள் கழித்துப் போவது எல்லோருக்கும் நல்லது.

கணக்குக்குள் நடக்கும் கசிவு

2023 செப்டம்பர் 15-இல் காஞ்சிபுரத்தில் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கி, 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு முதல் ஆயிரம் ஏறியபோது, சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அதிலேயே பிடித்துக்கொண்டன. அப்போதைய நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வெளிப்படையாகக் கண்டித்து, வேறு வங்கிக்கு மாற வழி செய்யப்படும் என்று சொல்லும் அளவுக்கு அது போனது. பாடம் எளிது. சாதாரண சேமிப்புக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு கேட்கலாம். அடிப்படைச் சேமிப்புக் கணக்கில் கேட்க முடியாது. உங்களுடையது சாதாரணக் கணக்கு என்றால், ‘அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரவும்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். கணக்கு எண் மாறாமல் மாற்றிக்கொள்ளலாம். அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு மட்டும் இருக்கக் கூடாது.

முழு ஆவணம் இல்லாமல் திறந்த ‘சிறு கணக்கு’ என்றால் வேறு சிக்கல். அதில் இருப்பு 50,000-ஐத் தாண்ட முடியாது, ஆண்டு வரவு ஒரு லட்சம், மாதம் எடுப்பது 10,000. குழுக் கடனில் 60,000 வரப்போகிறது என்றால் அதற்கு முன்பே ஆவணம் கொடுத்துக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் வரவு திரும்பிவிடும்.

இரண்டு ஆண்டு நீங்கள் கை வைக்காத கணக்கு ‘செயல்படாதது’ ஆகும். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி அதை உயிர்ப்பிக்கக் கட்டணம் கிடையாது, இருப்பு குறைவு என்று அபராதமும் போடக் கூடாது. பத்து ஆண்டு ஆன ஜன்தன் கணக்குகளுக்கு இப்போது மறுபடி கேஒய்சி (வாடிக்கையாளர் விவரச் சரிபார்ப்பு) கேட்கிறார்கள். முகவரி, பெயர் எதுவும் மாறவில்லை என்றால் ‘மாற்றமில்லை’ என்ற சுய உறுதிமொழியே போதும். அதை முகவரிடமே கொடுக்கலாம் என்று 2025 ஜூனில் வழி செய்துவிட்டார்கள். இது தெரியாமல் மேசைக்கு மேசை அலைகிறார்கள். அரசின் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லைதான், ஆனால் போன நாளின் கூலி போனதுதான். நூறு நாள் வேலையில் 2025-26-இல் அது 336 ரூபாயாக இருந்தது.

திருட்டு நடந்தால்

விரல்தான் சாவி என்பதால் சாவியை நகலெடுக்கும் திருட்டும் உண்டு. பத்திரப் பதிவு ஆவணங்களில் வைத்த ரேகைப் படத்திலிருந்து போலி ரேகை செய்து பணம் எடுத்த வழக்குகள் பல மாநிலங்களில் வந்தன. பிறகு கருவிகளில் உயிருள்ள விரலா என்று பார்க்கும் சோதனை வந்தது. ரேகையைக் கருவிக்குள்ளேயே மறையாக்கம் செய்து அனுப்பும் புதிய ரகம் கட்டாயமானது. முகவரைச் சேர்க்கும் முன் வங்கிகள் தீர விசாரிக்க வேண்டும், மூன்று மாதம் சும்மா இருந்தவரை மறுபடி சரிபார்க்காமல் இயக்கவிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் உத்தரவிட்டது.

ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டி வைக்கலாம், தேவைப்படும்போது திறக்கலாம். ஏடிஎம் அட்டை பயன்படுத்துகிறவர்களுக்கு இது நல்ல யோசனை, இன்றே செய்துவிடுங்கள். ஆனால் ரேஷன் கடையிலும் விரல், பணத்துக்கும் விரல், கையில் ஸ்மார்ட்போனும் இல்லை என்பவருக்குப் பூட்டினால் ரேஷன் அரிசியும் நின்றுபோகும். பாதுகாப்பு அதிகம் தேவைப்படுகிறவருக்கே எட்டாத பூட்டு இது.

எடுக்காத பணம் கழிந்திருப்பது தெரிந்ததும் 1930-க்கு அழைத்துப் பதியுங்கள், அதே நாளில் வங்கியிலும் எழுத்தில் கொடுங்கள். 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, வங்கி தெரிவித்ததிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால், உங்கள் பக்கம் தவறில்லாதபோது நஷ்டம் உங்களுக்கு இல்லை. பத்து வேலை நாளுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். நான்கிலிருந்து ஏழு வேலை நாள் ஆனால் அடிப்படைக் கணக்குக்காரருக்கு அதிகபட்ச நஷ்டம் 5,000. குற்றம் உங்களுடையது என்று காட்டும் பொறுப்பு வங்கிக்குத்தான். குறுஞ்செய்தி வராதவர்கள், பாஸ்புக்கில் என்ட்ரி போட்டபோதுதான் தெரிந்தது என்று அந்தத் தேதியோடு எழுதுங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, கடிதம் தமிழிலேயே இருக்கலாம், விவரம் கேட்க 14448.

யார் கையில் கைபேசி

கடைசியாக, அதிகம் பேசப்படாத ஒன்று. கணக்கு மனைவி பெயரில், அதில் பதிந்த கைபேசி எண் கணவருடையது. வீட்டுக்கு வீடு இதுதான் நிலை. குறுஞ்செய்தி அவருக்கு, ஓடிபி அவருக்கு. யுபிஐ என்பது வங்கியில் பதிந்த எண்ணின் சிம் எந்தக் கைபேசியில் இருக்கிறதோ அங்கேதான் திறக்கும். டெபிட் கார்டு இல்லாவிட்டாலும் ஆதார் ஓடிபி வைத்தே பின் எண் அமைத்துக்கொள்ளலாம். ஆதாரிலும் அதே கணவர் எண் இருந்தால், அவள் பெயரில் வரும் ஆயிரத்தை அவள் பார்க்காமலேயே எடுக்க எல்லாக் கதவும் திறந்திருக்கிறது. உரிமைத் தொகை பெண் கையில் சேர வேண்டும் என்று வகுத்த திட்டம், சிம் அட்டை யாருடையது என்ற இடத்தில் வந்து தோற்கிறது.

சரிசெய்வதற்கு ஸ்மார்ட்போன் வேண்டியதில்லை. அவள் பெயரில் ஒரு சிம், ஒரு பொத்தான் கைபேசி. முதலில் ஆதார் மையத்தில் அந்த எண்ணைச் சேர்க்க வேண்டும், பிறகு வங்கியில். இந்த வரிசைதான் நல்லது, ஏனென்றால் பின் எண் அமைக்கும்போது ஆதாருக்கு வரும் ஓடிபியும் அதே கைபேசிக்கு வர வேண்டும். அதன் பின் *99# அழைத்தால் இணையம் இல்லாமலே இருப்புப் பார்க்கலாம், 5,000 வரை அனுப்பலாம். தமிழிலும் கிடைக்கும். குரல்வழி யுபிஐயில் 10,000 வரை முடியும். அழைக்க வேண்டிய எண்ணை வங்கியில் கேட்டு வாங்குங்கள். ரீசார்ஜ் தீர்ந்து சிம் செத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நீண்ட நாள் கிடந்த எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள், குறுஞ்செய்தியும் அவருக்கே போகும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பாஸ்புக்கோடு வரச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தன் கணக்கில் எந்த எண் பதிந்திருக்கிறது என்று கிளையில் கேட்டு, பாஸ்புக்கின் முதல் பக்கத்தில் கடைசி நான்கு இலக்கத்தை எழுதிவரட்டும். அந்தக் கைபேசி அப்போது யார் கையில் இருக்கிறது என்று வட்டமாக ஒரு சுற்று கேட்டுப் பாருங்கள்.